பிளாக்செயின் சான்று சரிபார்ப்பில் தோற்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஒப்பந்தம், ஆய்வுத் தரவு, பட்டச் சான்றிதழ், புகைப்படம் என்று எதையோ, பல கணினிகள் சேர்ந்து காக்கும் பதிவேடான பிளாக்செயினில் பதிந்து வைத்திருப்பீர்கள். தேவைப்படும் நாளில் சரிபார்த்தால் "பொருந்தவில்லை" என்றோ "கிடைக்கவில்லை" என்றோ வந்து நிற்கும். உடனே சந்தேகம் சங்கிலி மேல், அதாவது பிளாக்செயின் மேல், பாயும். நான் பார்த்த வரையில் கோளாறு சங்கிலியில் இருப்பது அரிது. கோப்பு கைமாறி வந்த வழியில் இருக்கும், சான்றுக் கோப்பைப் பத்திரப்படுத்தாமல் விட்டதில் இருக்கும், யார் பதிந்தது என்பதற்குக் கையொப்பம் வாங்காததில் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளறாமல், திரையில் தெரியும் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு போவதுதான் சுருக்கு வழி.

கை வைப்பதற்கு முன்

பெரும்பாலான சேவைகள் உங்கள் கோப்பைச் சங்கிலியில் ஏற்றுவதில்லை. கோப்பின் ஹாஷை மட்டும் எடுக்கின்றன. ஹாஷ் என்பது கோப்பின் எல்லாப் பைட்களையும் கணக்கிட்டு வரும் கைரேகை போன்ற குறியீடு. ஒரு பைட் மாறினாலும் அது வேறாகிவிடும். ஷா-256 என்ற கணக்கு முறை என்றால் அது வெறும் 32 பைட். அதையும் பல நேரம் தனியாக ஏற்றாமல், மற்றவர்களின் ஹாஷ்களோடு சேர்த்து மடித்து, கடைசியில் வரும் ஒரே ஹாஷை ஏற்றுகின்றன. ஆகவே சரிபார்க்க நான்கு வேண்டும்: பதிந்த அன்று இருந்தபடியே கோப்பு, கோப்பிலிருந்து பரிவர்த்தனை (சங்கிலியில் ஏறிய பதிவு) வரைக்கும் வழி சொல்லும் சான்றுக் கோப்பு, அந்தப் பரிவர்த்தனை இருக்கும் சங்கிலி, பதிந்தவர் யார் என்று காட்டும் கையொப்பம். இந்த நான்கில் எது அறுந்தது என்பதுதான் கேள்வி.

மூலக் கோப்பைத் திறந்து பார்க்காதீர்கள். திறக்கும்போதே தானாகச் சேமித்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. ஒரு நகல் எடுத்து, படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, நகலில் வேலை பாருங்கள். "சரி, இன்னொரு முறை பதிந்துவிடலாம்" என்று பழைய சான்றைத் தூக்கிப் போடவும் வேண்டாம். புதிய பதிவுக்கு இன்றைய தேதிதான் கிடைக்கும். இழந்த தேதி திரும்பாது.

அறிகுறி: "ஹாஷ் பொருந்தவில்லை"

வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். முதலில் ஹாஷின் நீளத்தை எண்ணுங்கள். 32 எழுத்து என்றால் எம்டி5, 40 என்றால் ஷா-1, 64 என்றால் ஷா-256 ஆக இருக்கலாம், 128 என்றால் ஷா-512. மேக் கணினியில் ஷாசம் கட்டளையை அப்படியே கொடுத்தால் ஷா-1தான் வரும். 256 என்று தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ், லினக்ஸின் ஷா256சம் இரண்டும் சொல்லாமலே ஷா-256 தரும்.

64 எழுத்து இருந்தும் பொருந்தவில்லையா? எத்தீரியம் என்ற சங்கிலியில் பதிந்ததா என்று பாருங்கள். எத்தீரியம் பயன்படுத்துவது கெக்காக்-256 என்ற ஹாஷ் முறை. அதே கெக்காக் முறையை 2015இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஷா-3 என்று வெளியிட்டபோது, முடிவில் நிரப்பும் பிட்டுகளை மாற்றியது. அதனால் கெக்காக்-256, ஷா-3, ஷா-256 மூன்றும் 64 எழுத்துதான், மூன்றும் வேறு வேறு. நிரல் எழுதுபவர்கள் ஷா-3 நூலகத்தை எடுத்து எத்தீரியம் ஹாஷோடு ஒப்பிட்டு மணிக்கணக்கில் தவிப்பது இதனால்தான்.

உங்களுக்கு வந்த ஹாஷ் "இ3பி0சி442" (e3b0c442) என்று தொடங்குகிறதா? அது காலிக் கோப்பின் ஷா-256. பதிவேற்றம் பாதியில் நின்று, பூஜ்ஜியம் பைட் கோப்பைத்தான் கணக்கிட்டிருக்கிறீர்கள். பதிந்த பக்கத்திலேயே இந்த ஹாஷ் இருந்தால் செய்தி மோசம். அன்று உங்கள் ஆவணம் பதியப்படவே இல்லை.

முறை சரிதான் என்று தெரிந்ததும் கோப்பின் அளவைப் பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். எத்தனை பைட் வித்தியாசம் என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு பைட் கூடியிருந்தால் பெரும்பாலும் கடைசியில் ஒட்டிய வரிமுடிவு. எக்கோ கட்டளையில் உரையைக் கொடுத்து ஹாஷ் எடுத்தால் இது தானாகச் சேரும். 3 பைட் கூடியிருந்தால், யூடிஎஃப்-8 என்று அறிவிக்கச் சில எடிட்டர்கள் தொடக்கத்தில் வைக்கும் குறி. வித்தியாசம் வரிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால், வரிமுடிவு விண்டோஸ் முறைக்கும் லினக்ஸ் முறைக்கும் இடையே மாறியிருக்கிறது. கோப்புகளின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கிட் போன்ற கருவிகள் சில அமைப்புகளில் இதைச் சொல்லாமலே செய்யும். பழைய பவர்ஷெல்லில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் யூடிஎஃப்-16இல் எழுதும். ஆங்கில உரை அப்போது ஏறக்குறைய இரு மடங்காகும். தமிழ் உரையோ சுருங்கும், ஏனென்றால் ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8இல் 3 பைட், யூடிஎஃப்-16இல் 2 பைட்.

தமிழ் உரையைப் பதிபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லும் வழிகாட்டிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுக்குவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. விசைப்பலகை மென்பொருளோ, கோப்பை மாற்றித் தரும் கருவியோ ஒன்றை மற்றொன்றாக்கிவிட்டால் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். வித்தியாசம் 3இன் மடங்காக வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உரையை என்எஃப்சி, என்எஃப்டி என்ற இரண்டு யூனிகோட் வடிவங்களுக்கும் மாற்றி, இரண்டுக்கும் ஹாஷ் எடுத்துப் பாருங்கள். ஒன்று பொருந்தினால் தப்பித்தீர்கள். கலப்பாக இருந்த உரையை ஒரு முறை ஒழுங்குபடுத்திவிட்டால் பழைய கலப்பை மீட்பது கடினம், அதனால் மூலத்தைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.

அளவு கணிசமாக மாறியிருந்தால் கோப்பு பயணித்த வழியைப் பாருங்கள். செய்திச் செயலிகளில் புகைப்படமாக அனுப்பினால் படம் மறுபடி சுருக்கப்படும், கேமரா எழுதிய உள்தகவலும் போய்விடும். ஆவணமாக அனுப்பினால் பெரும்பாலும் பைட் மாறாமல் சேரும். பிடிஎஃப் கோப்பில் ஒரு குறிப்பைச் சேர்த்துச் சேமித்தாலே மாற்றிய தேதி உள்ளே எழுதப்படும். வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் சேமித்தாலும் உள்ளே தேதிகள் மாறும். சிஎஸ்வி கோப்பை விரிதாள் மென்பொருளில் திறந்து சேமித்தால் தொடக்கப் பூஜ்ஜியங்களும் தேதி வடிவமும் போயே போய்விடும்.

தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுத்து ஜேசன் என்ற உரை வடிவில் ஹாஷ் செய்கிறவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. அதே பதிவை மறுபடி எடுக்கும்போது புலங்களின் வரிசை மாறலாம், இடைவெளி மாறலாம், 1.0 என்பது 1 ஆகலாம். பொருள் ஒன்று, பைட் வேறு. இதற்கென்றே 2020இல் ஆர்எஃப்சி 8785 என்ற இணையத் தர ஆவணத்தில் ஒரு நியம வடிவம் வந்தது. அதன்படி வரிசைப்படுத்தியே ஹாஷ் எடுங்கள். அதைவிட நல்லது, ஹாஷ் எடுத்த அதே பைட்களையே கோப்பாகச் சேமித்து வைத்துவிடுவது. "தேவைப்படும்போது மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கை மென்பொருளின் அடுத்த பதிப்பு வரைக்கும்தான் நிற்கும்.

இன்னும் இரண்டு சிறு பொறிகள். கோப்புகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ் வலையமைப்பு தரும் முகவரியைக் கோப்பின் ஷா-256 என்று நினைத்து ஒப்பிடுவது ஒன்று. ஐபிஎஃப்எஸ் பெரிய கோப்பைத் துண்டுகளாக்கி, அவற்றை ஒரு மரமாகக் கட்டி, அந்த மரத்தின் வேருக்கு ஹாஷ் எடுக்கிறது. துண்டின் அளவை மாற்றினால் அதே கோப்புக்கு வேறு முகவரி வரும். இரண்டாவது பொறி, 32 பைட் ஹாஷை ஹாஷ் செய்ய வேண்டிய இடத்தில் அதன் 64 எழுத்து உரைவடிவத்தை ஹாஷ் செய்துவிடுவது.

இவ்வளவும் பார்த்துப் பொருந்தவில்லை என்றால், திருத்துவதை விட்டுவிட்டுப் பிரதிகளைத் தேடுங்கள். அன்று யாருக்காவது மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தால் அந்த இணைப்பு, காப்புச் சேமிப்பு, கிட் வரலாறு. ஹாஷிலிருந்து கோப்பை மீட்க வழியே கிடையாது, எந்தச் சேவை எவ்வளவு கேட்டாலும்.

அறிகுறி: "நிலுவையில்" என்றே நிற்கிறது

பிட்காயின் சங்கிலியில் நேரமுத்திரை பதியும் ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். பீட்டர் டாட் 2016இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில், பதிந்தவுடனே கிடைக்கும் சிறு கோப்பு ஒரு வாக்குறுதிதான். நாள்காட்டி எனப்படும் சேவையகம் பலருடைய ஹாஷ்களை மரமாகக் கட்டி, வேரை பிட்காயின் பரிவர்த்தனையில் ஏற்றி, அது ஒரு பிளாக்கில் (பரிவர்த்தனைகளின் தொகுப்பில்) உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டும். பிட்காயினில் பிளாக் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் சேவையகம் கட்டணத்தை மிச்சப்படுத்த நிதானமாக ஏற்றும். சில மணி நேரம் ஆவது இயல்பு.

ஒரு நாள் கழித்து மேம்படுத்தும் கட்டளையை ஓட்டுங்கள். அப்போதுதான் பரிவர்த்தனை வரையிலான முழு வழியும் உங்கள் கோப்பில் இறங்கும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். மேம்படுத்தாத கோப்பு சேவையகத்தை நம்பியே இருக்கிறது. சேவையகம் ஒரு நாள் மறைந்தால், பிட்காயினில் எல்லாம் பத்திரமாக இருந்தும் அங்கே போகும் வழி உங்களிடம் இருக்காது. மேம்படுத்தியபின் யாருடைய தயவும் வேண்டாம். சரிபார்க்க ஒரு பிட்காயின் கணு (பிட்காயின் மென்பொருள் ஓடும் கணினி) போதும், பழைய பிளாக்குகளை நீக்கி இடம் மிச்சப்படுத்தும் வகையும் போதும், ஏனென்றால் தேவைப்படுவது பிளாக்குகளின் 80 பைட் தலைப்புகள் மட்டுமே.

நீங்களே பரிவர்த்தனை அனுப்பி, கட்டணம் குறைவாக வைத்திருந்தால் காரணம் வேறு. பிட்காயின் கோர் மென்பொருள் உறுதியாகாத பரிவர்த்தனையை வழக்கமாக 14 நாளில் கைவிட்டுவிடும். கட்டணத்தை உயர்த்தி மறுபடி அனுப்புங்கள். அப்போது பரிவர்த்தனை எண் மாறும் என்பதை மறக்காமல் சான்றில் திருத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பரிவர்த்தனை கிடைக்கவில்லை

முதல் சந்தேகம், சோதனை வலையமைப்பு, அதாவது ஒத்திகைக்காக நடத்தும் தனிச் சங்கிலி. செயல்விளக்கத்துக்குக் கட்டிய அமைப்பு அப்படியே நடைமுறைக்கு வந்துவிடும், யாரும் அமைப்பை மாற்றியிருக்க மாட்டார்கள். எத்தீரியத்தின் ராப்ஸ்டன், ரிங்க்பி, கோர்லி ஆகிய சோதனை வலையமைப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுவிட்டன. அவற்றில் பதிந்ததற்கு இன்று சாட்சி இல்லை. சான்றுக் கோப்பில் வலையமைப்பின் பெயரைப் படியுங்கள்.

இரண்டாவது, பைட் வரிசை. பிட்காயின் பரிவர்த்தனை எண்களையும் பிளாக் ஹாஷ்களையும் திருப்பிக் காட்டுவது வழக்கம். சான்றுக் கோப்பில் நேராகவும், தேடுபக்கத்தில் தலைகீழாகவும் இருக்கும். இரண்டு இரண்டு எழுத்தாகப் பின்னாலிருந்து எழுதித் தேடுங்கள்.

நிறுவனம் தனக்குள் நடத்தும் தனியார் சங்கிலி என்றால் வெளியே தேடிப் பயனில்லை. அந்தக் கணுக்களை நடத்துகிறவர்களே விரும்பினால் வரலாற்றைத் திருத்தி எழுதலாம். அப்படிப்பட்ட சங்கிலியின் நிலையை அவ்வப்போது பொதுச் சங்கிலியில் பதிகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்களிடம் இருப்பது அந்த நிறுவனத்தின் சொல் மட்டும்.

அறிகுறி: பரிவர்த்தனை இருக்கிறது, என் ஹாஷ் அதில் இல்லை

பயப்பட வேண்டாம். அங்கே இருப்பது மெர்க்கிள் மரத்தின் வேர். உங்கள் ஹாஷோடு பக்கத்து ஹாஷைச் சேர்த்து ஹாஷ், அதோடு அடுத்ததைச் சேர்த்து ஹாஷ் என்று ஏறினால் வேரில் போய் முடிய வேண்டும். 1,000 ஆவணங்கள் இருந்தாலும் 10 படிதான்.

ஏறியும் வேர் பொருந்தவில்லை என்றால், இடது வலது வரிசையைப் பாருங்கள். சில நூலகங்கள் இரண்டு ஹாஷில் சிறியதை முன்னால் வைக்கும், சில மரத்தில் இருந்த இடப்படி வைக்கும். பிட்காயின் தன் மரத்தில் ஷா-256ஐ ஒவ்வொரு படியிலும் இரண்டு முறை போடும். அடி இலையை ஏறுவதற்கு முன் இன்னொரு முறை ஹாஷ் செய்யும் அமைப்புகளும் உண்டு. வழி தொலைந்துவிட்டது என்றால் சேவையிடம் கேட்டு வாங்கலாம், அல்லது அந்த மரத்தின் எல்லா இலைகளும் யாரிடமாவது இருந்தால் மறுபடி கட்டலாம். வேறு வழி இல்லை.

அறிகுறி: நேரம் தவறாகத் தெரிகிறது

பிட்காயின் பிளாக்கில் எழுதியிருக்கும் நேரம் சுரங்கம் நடத்துகிறவர், அதாவது அந்தப் பிளாக்கை உருவாக்கியவர், எழுதியது. முந்தைய 11 பிளாக்குகளின் இடைநிலை நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், கணுக்களின் நேரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னே போகக்கூடாது. இவ்வளவுதான் விதி. அடுத்த பிளாக்கின் நேரம் முந்தையதைவிடக் குறைவாக இருப்பதும் செல்லும். அதனால்தான் ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் சரிபார்த்தபின் மணி நிமிடம் சொல்லாமல் நாள் மட்டும் சொல்கிறது. நொடிக் கணக்கு தேவைப்படும் வேலைக்கு நேரமுத்திரைச் சேவை ஒன்று கையொப்பமிட்டுத் தரும் ஆர்எஃப்சி 3161 வகை நேரமுத்திரையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும்.

இன்னொன்று: சான்று சொல்வது "இந்தத் தேதிக்குள் இது இருந்தது" என்பதை மட்டும். அன்றுதான் உருவானது என்று அது சொல்லவில்லை. பத்து வருடப் பழைய கோப்பையும் இன்று பதியலாம்.

அறிகுறி: ஹாஷ் சரி, வழங்கியவரைச் சரிபார்க்க முடியவில்லை

பிளாக்செயினில் பதியும் சான்றிதழ்களுக்கான திறந்த தரமான பிளாக்சர்ட்ஸ் வகைச் சான்றிதழ்களில் வருவது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2017இல் 111 பட்டதாரிகளுக்கு முன்னோட்டமாக வழங்கியது இந்த வகைதான். சரிபார்க்கும் மென்பொருள் சங்கிலியோடு நிற்காது. வழங்கிய நிறுவனம் தன் தளத்தில் வைத்திருக்கும் விவரக் கோப்பையும் படித்து, பரிவர்த்தனையில் கையொப்பமிட்ட சாவி அவர்களுடையதா என்று பார்க்கும். நிறுவனம் தளத்தை மாற்றி, பழைய முகவரியை விட்டுவிட்டால் சான்றிதழ் அங்கேயே தடுக்கி விழும். சங்கிலி நிரந்தரம், இணைய முகவரி நிரந்தரம் இல்லை. வழங்குகிறவர்கள் பழைய முகவரியை உயிரோடு வைக்க வேண்டும், சாவி மாற்றினால் பழைய சாவி எந்தத் தேதி வரை செல்லும் என்று அதே விவரக் கோப்பில் எழுத வேண்டும். பெறுகிறவர்கள் அந்த விவரக் கோப்பின் நகலையும் சான்றிதழோடு இன்றே சேமித்துக்கொள்ளுங்கள்.

"வரையறுக்கப்படாத புலம்" என்று வந்தால், வழங்கியவர் புதிய தகவல் ஒன்றைச் சேர்த்துவிட்டு அதற்கான வரையறையைக் கொடுக்கவில்லை. நீங்கள் திருத்த முடியாது, திருத்தினால் ஹாஷ் உடையும். வழங்கியவரே மறுபடி தர வேண்டும். "திரும்பப் பெறப்பட்டது" என்று வந்தால் அது பிழையே இல்லை, காரணத்தை அவர்களிடம் கேளுங்கள்.

அறிகுறி: எல்லாம் பச்சை, எதிர்த்தரப்பு ஏற்கவில்லை

இதுவும் கோளாறுதான், கருவியில் இல்லாத கோளாறு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2016இல் பிளாக்செயின் பதிவுகளைச் சான்றாக ஏற்கச் சட்டம் செய்தபோதே, பதிவு உண்மையானது என்ற அனுமானம் அதன் உள்ளடக்கத்தின் உண்மைக்கு நீளாது என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. பொய்யை இன்று பதிந்தால், பொய் இன்று இருந்தது என்பது நிரூபணமாகும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

சீனாவின் ஹாங்சோ இணைய நீதிமன்றம் 2018 ஜூனில் ஒரு பதிப்புரிமை வழக்கில் பிளாக்செயின் சான்றை ஏற்றது. ஹாஷ் சங்கிலியில் இருக்கிறது என்பதோடு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளவில்லை. வலைப்பக்கத்தைப் பிடித்த கருவி எப்படி வேலை செய்தது, பிடித்த சேவை வழக்காடிகளோடு தொடர்பில்லாததா, பிடித்ததற்கும் பதிந்ததற்கும் இடையே யாராவது கை வைத்திருக்க முடியுமா என்றெல்லாம் பார்த்தது. உங்கள் ஏற்பாட்டையும் அப்படியே கேட்பார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பதிவதற்கு முன்பே கோப்பில் மின்கையொப்பம் இடுங்கள், இல்லையென்றால் யார் பதிந்தார் என்ற கேள்விக்குச் சங்கிலியில் பதில் இருக்காது. பல மாறுபட்ட பிரதிகளைப் பதிந்துவிட்டு ஒத்துவருவதை மட்டும் காட்டுகிறீர்கள் என்ற சந்தேகம் வரக்கூடிய இடத்தில், ஹாஷைப் பதிந்த அன்றே பகிரங்கமாக அறிவித்துவிடுங்கள்.

அறிகுறி: ஹாஷிலிருந்து தனிநபர் தகவலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்

தொலைபேசி எண், பிறந்த தேதி, தேர்ச்சி நிலை மாதிரி சின்னத் தகவலை அப்படியே ஹாஷ் செய்திருப்பீர்கள். 10 இலக்க எண்கள் அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிடுவது சாதாரணக் கணினிக்கே சிறிய வேலை. ஏறியதை இனி நீக்க முடியாது. அடுத்த பதிவிலிருந்தாவது ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக, யூகிக்க முடியாத நீண்ட எழுந்தமான எண்ணைச் சேர்த்து ஹாஷ் எடுங்கள், அந்த எண்ணை ரகசியமாகப் பத்திரப்படுத்துங்கள். யாராவது தன் தகவலை அழிக்கச் சொன்னால் மூலத்தையும் எண்ணையும் அழித்துவிட்டால், மிச்சமிருக்கும் ஹாஷை யாராலும் எதனோடும் பொருத்த முடியாது.

அறிகுறி: பதிந்த சேவையே இப்போது இல்லை

மேலே சொன்ன ஹாங்சோ வழக்கில் ஹாஷ் ஃபேக்டம் என்ற சங்கிலி, பிட்காயின் இரண்டிலும் ஏறியிருந்தது. ஃபேக்டம் நிறுவனம் 2020இல் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது, 2022இல் அந்தச் சங்கிலியே வேறொன்றாக மாறியது. பிட்காயின் பதிவு அப்படியே நிற்கிறது. சேவையைத் தேர்ந்தெடுக்கும்போதே நான் ஒன்றைத்தான் வலியுறுத்துவேன்: அவர்களுடைய தளம் இல்லாமல் சரிபார்க்க முடியுமா?

இதை இன்றே சோதிக்கலாம். கோப்பையும் சான்றுக் கோப்பையும் வேறொரு கணினிக்கு எடுத்துப் போங்கள். சேவையின் தளத்தைத் திறக்காமல், பொதுவில் கிடைக்கும் நிரலை மட்டும் வைத்துச் சரிபாருங்கள். ஓடினால் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள். எந்த முறையில் ஹாஷ் எடுத்தது, எந்த வலையமைப்பு, எந்தப் பரிவர்த்தனை என்று சாதாரண உரையில் ஒரு குறிப்பும் கூடவே இருக்கட்டும். பழைய சான்று எம்டி5 அல்லது ஷா-1 என்றால், கோப்பையும் பழைய சான்றையும் சேர்த்து ஷா-256இல் இப்போதே மறுபடி பதியுங்கள். எம்டி5 மோதல் (வேறு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வருவது) 2004இலும், ஷா-1 மோதல் 2017இல் ஒரே ஹாஷ் உள்ள இரண்டு பிடிஎஃப் கோப்புகளாகவும் வெளிவந்துவிட்டன. பழைய சான்றை நீக்காதீர்கள், பழைய தேதி அதில்தான் இருக்கிறது.